58 வயதுக் கொத்தனாரும் கணக்கில் வராத சித்தாளும்

கேள்வி: அப்பா விட்ட இடத்திலிருந்து வீடு கட்டிக்கொடுக்கும் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். வயது 31. அப்பாவோடு 28 வருடம் இருந்த கொத்தனார் ஒருவர் இன்னும் என்னிடம் வேலை செய்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு 58 ஆகிறது. முட்டி வலி, குனிந்தால் நிமிர நேரமாகிறது. போன மாதம் லிண்டல் மட்டத்தில் சாரத்தில் நின்றவர் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார், நல்ல வேளை விழவில்லை. வீட்டுக்காரர் 'வயசானவரை ஏன் வைத்திருக்கிறீர்கள், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது' என்கிறார். மற்ற கொத்தனார்கள் 'பாதி வேலை, முழுக் கூலி' என்று முணுமுணுக்கிறார்கள். நிறுத்த மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் பயமாக இருக்கிறது. சித்தாளாக ஒரு அம்மாவும் பல வருடமாக இருக்கிறார், 55 இருக்கும், அவரால் பிரச்சினை எதுவும் இல்லை. மாமா விஷயத்தில் என்ன செய்யலாம்?
— வாசகர், நெல்லிக்குப்பம் சாலை, கடலூர்

பதில்:

தம்பி என்றே எழுதுகிறேன், எனக்கு உங்களைவிட இருபது வயதுக்கு மேல் கூட. கட்டுமானப் பாதுகாப்பு அதிகாரியாகப் பெரிய சைட்களில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு இப்போது கடலூரிலேயே உங்களைப் போன்ற சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் அடிக்கடி வருகிறது, ஆனால் 'நிறுத்தவா வைத்துக்கொள்ளவா' என்று இரண்டே வழி இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

முதலில் அந்தத் தலைசுற்றல். அதை வயசு என்று எழுதிவிட்டீர்கள், நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். மாமா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் பிரஷர், சுகர் விஷயத்தை மேஸ்திரியிடம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காலையில் வெறும் டீயோடு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, பதினொரு மணிவரை ஒன்றும் சாப்பிடாமல் கல் கட்டினால், சில வகை மாத்திரைக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கும், கை நடுங்கும், கண் இருட்டும். பிரஷர் மாத்திரைக்கு, குனிந்து கல் எடுத்து நிமிர்கிற அந்த நொடியில் ரத்த அழுத்தம் விழலாம். நீர் பிரியும் மாத்திரை என்றால் வெயிலில் இன்னும் மோசம். இதில் எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும், நானோ நீங்களோ இல்லை. மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, இல்லையென்றால் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். கூட ஒரு ஆளை அனுப்புங்கள், அப்புறம் இது முக்கியம், அன்றைய கூலியைக் கொடுங்கள். கூலி போகும் என்றால் அவர் போக மாட்டார், 'இப்ப பரவாயில்ல தம்பி' என்பார். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சாரத்தில் ஏற்றாதீர்கள். சுகரோ பிரஷரோ இருப்பது உறுதியானால், 2021-இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், அதில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள்.

கண்ணையும் பார்த்துவிடுங்கள். ரசமட்டத்தின் குமிழியை இப்போது எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறார் என்று ஒருநாள் கவனியுங்கள், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். புதுவை ரோட்டில் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஒரே பஸ். கண்ணாடி கொடுத்தால், அது மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி படிப்பதற்கும் என்று இரண்டு பிரிவாக இருக்கும் ரகமா என்று கேளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஏணி இறங்கும்போது கீழே பார்த்தால் படி மங்கலாகத் தெரியும், கால் தவறும். இதைச் சொல்லி வேறு ரகம் வாங்குங்கள், அல்லது ஏறி இறங்கும்போது கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்த காலம். ஒரு பெரிய சைட்டில் சென்ட்ரிங் தச்சர் ஒருவர், அறுபதை ஒட்டிய வயது. உயரத்தில் வேலை செய்ய வேண்டாம் என்று இறக்கி, கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதும் வேலை கொடுத்தேன். நல்லது செய்துவிட்டதாக எனக்குப் பெருமை வேறு. நாலாவது நாள் அவர் வரவில்லை. பிறகு தெரிந்தது, ஊர்ப்பக்கம் யாரோ கட்டும் வீட்டில் கைப்பிடி கிடையாது, பலகையும் ஒன்றுதான் என்ற சாரத்தில் நின்று முட்டு அடித்துக்கொண்டிருக்கிறார் என்று. என் சைட்டில் வலை இருந்தது, பெல்ட் இருந்தது, முதலுதவிப் பெட்டி இருந்தது. அதிலிருந்து அவரைக் கிளப்பி, எதுவுமே இல்லாத இடத்துக்கு அனுப்பியது நான்தான். நீங்கள் மாமாவை நிறுத்தினாலும் அவர் வீட்டில் உட்கார மாட்டார் தம்பி, உங்களைவிடக் கவனம் குறைந்தவரிடம் போவார், அவ்வளவுதான்.

அதனால் வேலையைப் பிரித்துப் பார்ப்போம். கொத்து வேலையில் உடம்பைத் தின்பது எது, மூளையைக் கேட்பது எது? ஒரு செங்கல் சுமார் 3 கிலோ. ஒரு நாளைக்கு 500 கல் வைக்கிறார் என்றால் கையால் தூக்குவது 1,500 கிலோ, ஒன்றரை டன், கலவையைச் சேர்க்காமலே. அதில் முக்கால்வாசியைத் தரையிலிருந்து குனிந்துதான் எடுக்கிறார். முட்டியும் இடுப்பும் போனது வயசால் மட்டும் இல்லை, இந்த 28 வருடக் குனிதலால். நாலு ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன்மேல் கலவைச் சட்டியை வையுங்கள், கல்லையும் ஒரு பலகை மேடையில் இடுப்பு உயரத்தில் அடுக்கச் சொல்லுங்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முட்டிக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ், இந்த இடைவெளியில் எவ்வளவு வேலை நடக்கிறதோ அவ்வளவு நாள் உடம்பு தாங்கும், இது உங்கள் இளவட்டக் கொத்தனார்களுக்கும் சேர்த்துத்தான். சீலிங் பூச்சு அவருக்கு வேண்டாம், கழுத்தும் தோளும் போய்விடும். டைல்ஸ் ஒட்டும் வேலையும் வேண்டாம், நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும்.

அப்புறம் மூளை வேலை. அஸ்திவாரம் மார்க்கிங், மூலைமட்டம் பார்ப்பது, தண்ணீர்க் குழாய் வைத்து மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடிப்பது, கதவு நிலை நிறுத்துவது, பாத்ரூம் தரைக்குத் தண்ணீர் ஓட வாட்டம் கொடுப்பது. கட்டு வேலையிலேயே பாருங்கள், மூலையை ஒருவர் ஏற்றிக்கொடுத்தால் நூல் கட்டி நடுவில் மற்றவர்கள் அடைத்துக்கொண்டு போகலாம், இது அந்தக் காலத்திலிருந்து உள்ள முறைதான். மூலை தூக்குக்குண்டுக்கு நேராக இருந்தால் சுவர் நேராக இருக்கும். மாமா மூலையை ஏற்றட்டும், இளைஞர்கள் நடுவில் ஓடட்டும்.

இதில் காசு இல்லை என்று நினைக்காதீர்கள். 100 சதுர அடிச் சுவர் ஒன்று சற்று வளைந்துபோய், அதை மறைக்கப் பூச்சில் அரை அங்குலம் கூடுதலாக ஏற்றினால், சிமெண்ட் ஒன்றுக்கு மணல் நாலு என்ற கலவையில் ஏறக்குறைய ஒரு மூட்டை சிமெண்ட் வீண். மணல் தனி, ஆள் கூலி தனி. ஒரு வீட்டில் இப்படி எத்தனை சுவர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை வீட்டுக்காரரிடமும் சொல்லலாம், 'வயசானவர்' என்று அவர் காட்டுகிற ஆள்தான் அவர் சிமெண்டை மிச்சம் பிடிக்கிறவர். ஒரு எச்சரிக்கை, வயதான எல்லாக் கொத்தனாருக்கும் மேஸ்திரி வேலை வராது. சிலருக்குக் கை பேசும், வாய் பேசாது, நாலு பேரை வேலை வாங்கு என்றால் தவித்துப்போவார்கள். மாமா எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் அவரிடமே கேளுங்கள்.

முணுமுணுப்பு விஷயத்தில் மற்ற கொத்தனார்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம். சதுர அடி ரேட்டில் குழுவாக வேலை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்றால், ஒருவர் மெதுவாகச் செய்யும்போது மற்றவர்கள் பையிலிருந்துதான் காசு போகிறது. அப்படியென்றால் மாமாவை அந்தக் குழுவிலிருந்து எடுத்து, மேலே சொன்ன வேலைகளுக்குத் தனி நாள் கூலியில் உங்கள் கணக்கில் வையுங்கள், அதை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஒருவேளை எல்லோரும் நாள் கூலியே என்றால், அவர் வேலை மாறிவிட்டது என்று தெரிந்ததும் பாதி வாய் அடங்கிவிடும். கூலியைப் பாதியாக்கி 'உங்க நல்லதுக்குத்தான் மாமா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நேரத்தைக் குறைக்கிறீர்களா, அவர் சம்மதத்தோடு குறையுங்கள், மணிக்கணக்கில் பார்த்தால் கூலி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் பக்கம் சவுக்குக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் போன மழைக்கு முன்னால் வாங்கிய கம்பையும் கயிற்றையும் வைத்தே ஒப்பேற்றுகிற பழக்கமும் இருக்கிறது. டாக்டர் சரி என்ற பிறகு மாமா ஏறினாலும், குறுக்குக் கம்பைப் பிடித்துத் தொற்றி ஏற வேண்டாம், தனி ஏணி வையுங்கள். நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடி தள்ளி இருக்கட்டும், மேலே நிற்கும் தளத்தைத் தாண்டி மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கட்டும், இறங்குகிறவருக்குப் பிடிமானம் அதுதான். நிற்கும் இடத்தில் இடைவெளி விடாமல் பலகை, இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பு. ஐப்பசி கார்த்திகையில் பலகையில் பாசி பிடிக்கும், காலையில் ஏறுமுன் தேய்க்கச் சொல்லுங்கள்.

வெயில். கடலூரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் எதிரி, கடல் காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை வழியுமே தவிரக் காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது. வயது ஏற ஏற வியர்ப்பதும் குறைகிறது, தாகமும் தாமதமாகத்தான் எடுக்கிறது, அதனால் 'தாகம் எடுத்தால் குடிங்க' என்பது 58 வயதுக்காரருக்குச் சொல்லக்கூடாத ஆலோசனை. வெயிலில் வேலை செய்யும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், மணி பார்த்துக் குடிக்க வேண்டும். அக்னி நட்சத்திரம் ஓடும் மே மாதத்தில் விடியற்காலை தொடங்கி உச்சிக்கு முன்னால் வெளிவேலையை முடித்து, மதியம் உள்வேலை வையுங்கள். காய்ச்சல், கல்யாணம், திருவிழா என்று ஓரிரு வாரம் வராமல் இருந்துவிட்டு வருகிறவரை முதல்நாளே முழுவெயிலில் நிறுத்தாதீர்கள், வெயிலுக்குப் பழகிய உடம்பு அதற்குள் மறந்துவிடும். முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நாலாம் நாள் முழுசு. பழைய ஆட்களுக்குப் பரவலாகச் சொல்லும் கணக்கு இது.

சரி, இப்போது உங்கள் கடிதத்தின் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். 'அவரால் பிரச்சினை எதுவும் இல்லை.' தம்பி, எனக்கு மாமாவைவிட அந்த அம்மாவைப் பற்றித்தான் கவலை. மாமாவின் வலி வேலை தாமதமாவதில் தெரிகிறது, அந்த அம்மாவின் வலி உங்கள் கணக்குப் புத்தகத்தில் எங்கேயும் தெரியாது, ஒருநாள் வராமல் போவார், வேறு சித்தாள் வருவார், முடிந்தது. ஒரு சட்டி கலவையைத் தராசில் வைத்துப் பாருங்கள், 15 கிலோவுக்குக் குறையாது. அதைச் சும்மாட்டில் வைத்துப் படியேறி ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று ஒரே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், நான் சொல்ல வேண்டாம். ஒரு உருளையும் கயிறும் போட்டால் பாதிச் சுமை தலையிலிருந்து இறங்கிவிடும், இரண்டு மாடி என்றால் கலவை ஏற்றும் மினி லிஃப்டை வாடகைக்கு எடுங்கள். 50 கிலோ மூட்டையை யார் தலையிலும் ஏற்றாதீர்கள், வயது எதுவானாலும் சரி. இடம், பிடி, உயரம் எல்லாம் சரியாக அமைந்தால்கூடக் கையால் தூக்க 23 கிலோதான் மேல்வரம்பு என்று அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் கணக்கு வைத்திருக்கிறது, நம் மூட்டை அதில் இரண்டு மடங்குக்கு மேல். தள்ளுவண்டி போகப் பலகை போடுங்கள், இல்லையென்றால் கீழேயே பிரித்துப் பாதி பாதியாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். உங்கள் சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா? இல்லையென்றால் அந்த அம்மா காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது? மணிக்கு மூன்று டம்ளர் என்று நான் மேலே எழுதியதெல்லாம் அவருக்குச் செல்லாது. நீர்க்கடுப்பு, வெயில் மயக்கம், சிறுநீரகத் தொல்லை எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மூன்று பக்கம் தகரம், ஒரு கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள், ஒரு குழி, ஒரு டிரம் தண்ணீர். எப்படியும் கட்டப்போகிற செப்டிக் டேங்கை முதலிலேயே கட்டிவிட்டால் வேலை முடியும்வரை அதையே பயன்படுத்தலாம்.

அப்புறம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். இத்தனை வருடத்தில் அந்த அம்மாவுக்குக் கொத்துக் கரண்டி பிடிக்க யாராவது கொடுத்தார்களா? அவரோடு பெரியாளாக, அதாவது ஆண் உதவியாளாக வந்த பையன் ஐந்து வருடத்தில் கொத்தனார் ஆகியிருப்பான், அவர் இன்னும் சித்தாள்தான். கலவை பதம் அவருக்குத் தெரியாமல் இருக்காது, எத்தனை ஆயிரம் சட்டி கலந்திருப்பார். கலவை விகிதத்தைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள், டைல்ஸ் இடுக்கு அடைக்கும் வேலையைக் கொடுங்கள், முக்கியமாகக் கட்டிய கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் வேலையைப் பொறுப்பாகக் கொடுங்கள். இப்போது நம் கடைகளில் அதிகம் வருவது பிபிசி (PPC) என்ற கலப்புச் சிமெண்ட், அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். எத்தனை சைட்டில் மூன்றாவது நாளே மேலே போட்ட ஈரச் சாக்கு காய்ந்து கிடக்கிறது! பொறுப்பான ஒரு ஆள் காலை மாலை பார்த்துக்கொண்டால் உங்கள் கான்கிரீட் பிழைக்கும். ஆனால் குடத்தில் சுமந்து ஊற்றச் சொல்லாதீர்கள், மோட்டாரும் ஓஸும் வாங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் சட்டிக்குப் பதில் குடம் என்று ஆகிவிடும். கூலியும் சித்தாள் கூலியாகவே இருந்தால் அது பொறுப்பு இல்லை, பேர் மட்டும்தான்.

கடைசியாகப் பேப்பர் வேலை. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இலிருந்து இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம், 60 முடிந்தால் ஓய்வூதியம். அறுபதைத் தாண்டினால் புதிதாகப் பதிய முடியாது, இதுதான் கவனிக்க வேண்டிய இடம். மாமாவுக்கு 58, இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறாரா என்று இந்த வாரமே வாங்கிப் பாருங்கள். பலரிடம் அட்டை இருக்கும், புதுப்பிக்காமல் காலாவதியாகி டப்பாவுக்குள் கிடக்கும். வேலை செய்கிறார் என்று சான்று தேவைப்பட்டால் முதலாளியாக நீங்கள் கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள். பிறந்த தேதியையும் ஒத்துப்பாருங்கள், நம் பெரியவர்கள் பாதிப் பேருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று யாரோ போட்டுவிட்டிருப்பார்கள், ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ஓய்வூதியம் கேட்கும்போதுதான் அது கழுத்தைப் பிடிக்கும். முள்ளோடையைத் தாண்டிப் பாண்டிப் பக்கமும் வேலைக்குப் போகிற ஆள் என்றால் இன்னொன்று, அங்கே தனி வாரியம், இங்கே உள்ள அட்டை அங்கே செல்லாது. கட்டுமானச் செலவில் நல நிதியாக வீட்டுக்காரர்கள் கட்டும் 1 சதவீதம் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான், அதை இவர்கள் வாங்காமல் விடுவது யாருக்கும் லாபமில்லை.

'ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது' என்று வீட்டுக்காரர் கேட்டாரே, அதற்குப் பதில்: முதலில் நீங்கள்தான். 1923-இலிருந்தே வேலையில் காயம்பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று இருக்கிறது. வயது கூடக்கூடத் தொகையைப் பெருக்கும் எண் குறையும், அவ்வளவுதான். 65-ஐத் தாண்டியவருக்கும் அந்த அட்டவணையில் இடம் உண்டு. ஆகவே தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஒன்று எடுங்கள், எல்லார் வயதையும் உள்ளபடி எழுதிக் கொடுங்கள், பிரீமியம் கூடுமோ என்று மாமாவை 48 ஆக்கிவிடாதீர்கள்.

மாமாவிடம் பேசுவதை சனிக்கிழமைக் கூலி கொடுக்கும் இடத்தில், நாலு பேர் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள், அத்தையும் இருக்கட்டும், மாத்திரை விஷயம் அவரிடமிருந்துதான் சரியாக வரும். 'சாரம் வேண்டாம் மாமா' என்று ஆரம்பிக்காமல், 'அடுத்த வீட்டு மார்க்கிங் நீங்கதான் போடணும், எனக்கு வேற யாரும் சரிப்பட மாட்டாங்க' என்று ஆரம்பியுங்கள். பொய்யில்லையே, சரிப்பட மாட்டார்கள்தானே?

திங்கட்கிழமை அந்த அம்மாவிடமும் பேசுங்கள். 55 'இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதார் கார்டை வாங்கிப் பார்த்து வயதை எழுதுங்கள், 59 என்று இருந்துவிட்டால் வாரிய வேலையை மாமாவுக்கு முன்னால் அவருக்குப் பார்க்க வேண்டும்.